70,000 ரூபாயில் முதல் கேமிங் பிசி: கடை கொடுத்த கொட்டேஷனில் எதை மாத்தணும்?

பொன்மலை70 எழுதியது:

வணக்கம். முதல் தடவையா கேமிங் பிசி அசெம்பிள் பண்ணப் போறேன். டவருக்கு மட்டும் 70,000 ரூபா. மானிட்டர் தனிக் கணக்கு: 24 இன்ச், 1080பி, 165 ஹெர்ட்ஸ்னு முடிவு பண்ணிட்டேன். விளையாடப்போறது வாலரன்ட், ஜிடிஏ 5, சைபர்பங்க் 2077, ஈஏ எஃப்சி. வீடியோ எடிட்டிங் மாதிரி வேலை எதுவும் இல்லை.

திருச்சியில ஒரு கடையில எழுதிக்கொடுத்தது இது. ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், ஏ520 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ஆர்ஜிபி (கலர் லைட்) ரேம் ஒண்ணு, 256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 750 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை, கம்பெனி பேர் போடலை), 240 லிக்விட் கூலர், முன்பக்கம் கண்ணாடி வச்ச கேபினெட், கூட நாலு ஆர்ஜிபி ஃபேன்.

இதுல எதை வெட்டணும், எதை வச்சுக்கலாம்?

வாட்_கணக்கு எழுதியது:

இந்தக் கொட்டேஷன்ல பணம் கண்ணுக்குத் தெரியுற இடத்துக்குத்தான் போயிருக்கு. லிக்விட் கூலர், ஃபேன், கண்ணாடி மூணையும் வெட்டினாலே கார்டை ஒரு தலைமுறை தாண்டி மாத்தலாம்.

மானிட்டரை முதல்ல முடிவு பண்ணினது சரியான வேலை. 1080பி, 165 ஹெர்ட்ஸ்னு தெரிஞ்சா அதுக்கு ஏத்த கார்டு தெரியும். கார்டு தெரிஞ்சா ப்ராசஸர், அதுக்கப்புறம் எஸ்எம்பிஎஸ். நிறையப் பேர் ப்ராசஸர்ல ஆரம்பிச்சு, கடைசியில மிச்சம் இருக்குற காசுக்கு கார்டு தேடுறாங்க. கேம் ஓட்டுறது கார்டு. மொத்தத்துல 40 சதவீதம், அதாவது 28,000 ரூபாயை இப்பவே அதுக்கு எடுத்து வைங்க.

ஜிடிஎக்ஸ் 1650 வந்தது 2019-ல. 4 ஜிபி மெமரி இன்னைக்கு 1080பி-க்கே பத்தாது. டெக்ஸ்சர் நிரம்பி வழிஞ்சா கார்டு மெயின் ரேம்ல போய் எடுத்துட்டு வரும், அப்பத்தான் படம் விக்கி விக்கி ஓடும். இன்னொரு விஷயம், அதுல ரே ட்ரேசிங் (ஒளி, நிழலை நிஜம் மாதிரி கணக்குப் போடுறது) வன்பொருளே கிடையாது. 2025 மே மாசம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் மாதிரி சில கேம்கள் அந்த வன்பொருள் இல்லாத கார்டை ஏத்துக்கறதே இல்லை. செட்டிங்ஸைக் குறைச்சாலும் ஓடாது. புதுசா வாங்குற கார்டுல இந்தக் குறை இருக்கக் கூடாது.

ஆர்எக்ஸ் 6600 தான் கடைசிக் கோடு, அதுக்குக் கீழ இறங்காதீங்க. 8 ஜிபி, 132 வாட், ஒரே ஒரு 8 பின் கேபிள். ஆர்எக்ஸ் 7600 அதுக்கு ஒரு படி மேல, 165 வாட். ஆர்டிஎக்ஸ் 5060 இன்னொரு படி மேல, 145 வாட். வாங்குற வாரத்துல 28,000-க்குள்ள எது சிக்குதோ அது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. அதுவும் 4 ஜிபி தான், அதோட ஸ்லாட்டுல நாலே நாலு லேன் (டேட்டா போற பாதை) மட்டும் பயன்படுத்தும்.

அடுத்து 5600ஜி. 'ஜி'-னா உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கு. தனி கார்டு போட்டபிறகு அது சும்மா கிடக்கும். அந்தக் கிராஃபிக்ஸுக்கு இடம் விட்டதால எல்3 கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்குற வேக மெமரி) 16 எம்பி தான். 'ஜி' இல்லாத 5600-ல 32 எம்பி. ப்ராசஸரை நம்பி ஓடுற வாலரன்ட் மாதிரி கேம்ல இந்த கேஷ் வித்தியாசம் எஃப்பிஎஸ்ல (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) தெரியும்.

ஸ்லாட்2 எழுதியது:

போர்டைப் பத்தி மேல யாரும் சொல்லலை, அதனால சேர்க்கிறேன்.

ஆர்எக்ஸ் 6600, 7600, ஆர்டிஎக்ஸ் 5060 எல்லாமே ஸ்லாட் நீளமா இருந்தாலும் 8 லேன்ல தான் ஓடும். பிசிஐஇ (கார்டையும் ப்ராசஸரையும் இணைக்கிற தடம்) 4.0-ல 8 லேன்னா நொடிக்குக் கிட்டத்தட்ட 16 ஜிபி. 3.0-ல அதுல பாதி, 8 ஜிபி. ஏ520 போர்டுல 3.0 மட்டும்தான். 5600ஜி-யும் 3.0-தான். ஆக கொட்டேஷன்ல இருக்குற ஜோடி ரெண்டு பக்கமும் பாதையைக் குறுக்குது. கார்டோட 8 ஜிபி நிரம்பாத வரைக்கும் பெரிய நஷ்டம் தெரியாது. நிரம்பினா அந்தக் குறுகின பாதைதான் விக்கலைப் பெருசாக்கும்.

5600 + பி550 போட்டா 4.0 கிடைக்கும். பி450-ல கிடைக்காது, பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

இன்டெல் பக்கம் ஐ5-12400எஃப் + டிடிஆர்4 எச்610 போர்டு ஒரு நல்ல ஜோடி. 6 கோர், 12 த்ரெட், கார்டு ஸ்லாட் 4.0. எச்610-ல ரேம் ஸ்லாட் ரெண்டுதான். எஸ்எஸ்டி ஸ்லாட் பெரும்பாலும் 3.0-ல ஓடும், கேமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ரெண்டு ஜோடியில எது 1,500 ரூபா குறைவோ அதை எடுங்க.

ரேம்: 8 ஜிபி ஒண்ணு வேண்டவே வேண்டாம். 8 + 8, ரெண்டு சேனல். டிடிஆர்4 3200 ஒத்தைக் குச்சியில நொடிக்கு 25.6 ஜிபி, ரெட்டையில 51.2. ஒரே 16 ஜிபி குச்சியை விட ரெண்டு 8 ஜிபி கேமுக்கு மேல். ஒரே பாக்ஸ்ல வர்ற செட்டா வாங்குங்க. தனித்தனியா வாங்கினா பேர் ஒண்ணா இருந்தாலும் உள்ள சிப் வேறயா இருக்கலாம், அப்ப எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) போட்டா மெஷின் நிக்காது.

கோவைக்குளிர் எழுதியது:

5600 வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா அது உட்கார்ற ஏஎம்4 சாக்கெட்டோட பயணம் முடிஞ்சது. அதுல இனிமே பெருசா மேல போக வழி இல்லை. அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்கு 2027-ஐத் தாண்டியும் ஆதரவு இருக்கும்னு ஏஎம்டி சொல்லியிருக்கு. ரைசன் 5 7500எஃப், ஒரு பி650 போர்டு, டிடிஆர்5 போட்டா மூணு வருஷம் கழிச்சு ப்ராசஸரை மட்டும் மாத்தி இன்னும் நாலு வருஷம் ஓட்டலாம். முதல் மெஷினுக்கு அஸ்திவாரம் முக்கியம் இல்லையா?

வாட்_கணக்கு எழுதியது:

பட்ஜெட் 90,000-ஆ இருந்தா நானும் அதைத்தான் சொல்லுவேன். 70,000-ல ஏஎம்5 போனா போர்டுலயும் ரேம்லயும் கூடப் போற காசு நேரா கார்டுல இருந்துதான் கழியும். 2025 கடைசியில இருந்து ரேம் விலை போற போக்கு உங்களுக்கே தெரியும். மெமரி எல்லாம் ஏஐ சர்வர்களுக்குப் போகுது. மைக்ரான் அந்த டிசம்பர்ல க்ரூஷியல்ங்கிற தன்னோட சில்லறை வியாபாரத்தையே நிறுத்தப்போறதா அறிவிச்சது. டிடிஆர்4-உம் ஏறித்தான் இருக்கு. ஆனா வீட்டுலயோ தெரிஞ்சவங்க கிட்டயோ சும்மா கிடக்குற பழைய டெஸ்க்டாப்ல 3200 குச்சி ரெண்டு இருந்தா இதுல அப்படியே போடலாம். லேப்டாப் ரேம் நீளம் கம்மி, அது உட்காராது.

மூணு வருஷம் கழிச்சு ப்ராசஸர் மட்டும் மாத்துறவங்க ரொம்பக் கம்மி. பெரும்பாலும் கார்டைத்தான் முதல்ல மாத்துவாங்க. அதுக்கு வேண்டியது நல்ல எஸ்எம்பிஎஸ், 4.0 ஸ்லாட், நீளமான கார்டு போற கேபினெட். சாக்கெட் ரெண்டாம்பட்சம்.

கோவைக்குளிர் எழுதியது:

கார்டு கழியும்ங்கிறதை ஒத்துக்கிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை. ஏஎம்5-னு கேட்டா சில இடத்துல 8500ஜி-யைத் தள்ளுவாங்க. அதுல கார்டுக்கு 4 லேன்தான் இருக்கு. தனி கார்டு போடுறவங்க தொடக் கூடாது.

பழைய_சாமான் எழுதியது:

செகண்ட்ஹேண்ட் ஆர்எக்ஸ் 580 8 ஜிபி பாதிக்கும் கீழ கிடைக்குதே, அதைப் போட்டு மிச்சத்தை ப்ராசஸர்ல போட்டா?

வாட்_கணக்கு எழுதியது:

580 வந்தது 2017-ல. 185 வாட் இழுக்கும், ரே ட்ரேசிங் கிடையாது. அதுலயும் 2048எஸ்பி-னு ஒரு வகை உண்டு. பேர் 580, உள்ளே 570 அளவு கோர்தான். உண்மையான 580-ல 2304 கோர் (ஷேடர்). ஜிபியூ-இசட்ங்கிற சாஃப்ட்வேரைப் போட்டுப் பார்த்தா எண்ணிக்கை காட்டும்.

எந்தப் பழைய கார்டா இருந்தாலும் பூட்டின மெஷின்ல அரை மணி நேரம் லோடு கொடுத்துப் பார்க்காம காசு கொடுக்கக் கூடாது. ஃபேன் ஆட்டம், திரையில புள்ளி புள்ளியா வர்றது, ட்ரைவர் அடிக்கடி விழறது, இந்த மூணையும் கவனிங்க. ஸ்க்ரூ தலை தேய்ஞ்சிருந்தா யாரோ திறந்திருக்காங்கனு அர்த்தம். முதல் மெஷின் போடுறவங்களுக்கு நான் பழைய கார்டு சொல்றதில்லை. படம் வரலைன்னா தப்பு எங்கேனு கண்டுபிடிக்க மாத்திப் பார்க்க இன்னொரு கார்டு கையில இருக்காது.

பழைய_சாமான் எழுதியது:

அப்படிப் பார்த்தா 5600ஜி இருந்தா கார்டு போனாலும் திரை வருமே. அதையும் கணக்குல எடுக்கணும்.

ஸ்லாட்2 எழுதியது:

நியாயமான வாதம்தான். ஆனா வாரண்டிக்குக் கார்டு போற ரெண்டு மூணு வாரத்துக்காக மிச்ச நாள் எல்லாம் பாதி கேஷோட ஓட்டறது வேண்டாம். அந்த வசதி கட்டாயம்னா இன்டெல்ல 'எஃப்' இல்லாத 12400 எடுங்க. கேஷ் குறையாது, கிராஃபிக்ஸும் உள்ளேயே இருக்கும். விலை கொஞ்சம் கூட.

மின்வழி எழுதியது:

கம்பெனி பேர் இல்லாத 750 வாட் எஸ்எம்பிஎஸ் பத்தி யாரும் இன்னும் விரிவா எழுதலை. கொட்டேஷன்ல மிக ஆபத்தான வரி அதுதான்.

பெட்டி மேல இருக்குற பெரிய எண்ணைப் பார்க்காதீங்க. பக்கவாட்டு லேபிள்ல +12 வோல்ட்டுக்கு நேர எத்தனை ஆம்பியர்னு இருக்கும். அதை 12-ஆல பெருக்குங்க. ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுறது அந்த 12 வோல்ட்டுல இருந்துதான். '450 வாட்'னு எழுதி 12 வோல்ட்டுல 18 ஆம்பியர் மட்டும் போட்டிருந்தா அது 216 வாட் யூனிட். ஒழுங்கான 550 வாட் யூனிட்டுல 45 ஆம்பியருக்குப் பக்கத்துல இருக்கும், அதாவது எழுதின வாட் முழுக்க 12 வோல்ட்டுலேயே கிடைக்கும்.

உங்களுக்கு எவ்வளவு வேணும்? 5600 அதிகபட்சமா 76 வாட் இழுக்கும். ஆர்எக்ஸ் 7600 போட்டா 165. போர்டு, ரேம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் 290. கார்டு கண்ணிமைக்கிற நேரத்துக்குக் கணக்கைத் தாண்டி இழுக்கும், அதுக்கும் இடம் விட்டு 550 வாட் போதும். நாளைக்குக் கார்டு பெருசாக்கணும்னா 650. எழுதினபடி கொடுக்குற 550, பேர் தெரியாத 750-ஐ விட எவ்வளவோ மேல்.

80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாம மாறுதுங்கிறதை மட்டும்தான் சொல்லும். பாதுகாப்பைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. ஓவர் வோல்டேஜ், ஓவர் கரண்ட், ஷார்ட் சர்க்யூட், ஓவர் டெம்பரேச்சர் இந்த நாலு பாதுகாப்பும் பட்டியல்ல இருக்கா, 5 வருஷ வாரண்டி இருக்கானு பாருங்க. மட்டமான எஸ்எம்பிஎஸ் செத்தா தனியா சாகாது, போர்டையும் கார்டையும் இழுத்துட்டுப் போகும்.

வீட்டு ப்ளக்ல எர்த்து இருக்கானு எலக்ட்ரீஷியனை வச்சுச் சோதிங்க. கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு அடிச்சா எர்த்து இல்லைனு அர்த்தம். மூணு பின் ப்ளக்கை ரெண்டு பின் அடாப்டர்ல சொருகாதீங்க.

பொன்மலை70 எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணா. வீட்டுல இன்வெர்ட்டர் இருக்கு. அது போதுமா, தனி யூபிஎஸ் வேணுமா?

மின்வழி எழுதியது:

இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோடு ஸ்விட்ச் இருந்தா அதைப் போட்டு வைங்க. நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் போனபிறகு 16 மில்லிசெகண்ட் வரைக்கும் தாக்குப்பிடிக்கணும்ங்கிறது ஏடிஎக்ஸ் (பிசி பவர் சப்ளைக்கான தரம்) கணக்கு. யூபிஎஸ் மோடுல மாறுற நேரம் அதுக்குள்ள அடங்கும், சாதா மோடுல அடங்காம மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரா இருந்தா இந்த எஸ்எம்பிஎஸ் அதுல ஒழுங்கா ஓடாது, சைன் வேவ் வேணும்.

தனி யூபிஎஸ் வாங்கினா விஏ-வை வாட்னு நினைக்காதீங்க. 600 விஏ யூனிட் கொடுக்கறது 360 வாட் தான். 290 வாட் டவர், கூட மானிட்டர் 25 வாட். கேம் நடுவுல கரண்ட் போனா விளிம்புல நிக்கும். 1000 விஏ எடுங்க. ஷட் டவுன் பண்ண அவகாசம் கிடைச்சா போதும், அதுல தொடர்ந்து விளையாட முடியாது.

கோவைக்குளிர் எழுதியது:

கேபினெட்டுக்கு வர்றேன். முன்பக்கம் முழுக் கண்ணாடினா காத்து உள்ள போறதுக்கு ஓரத்துல ஒரு விரல் இடுக்குதான். சித்திரை வைகாசியில திருச்சி அறை வெப்பமே 36, 37-ல நிக்கும். அந்தக் காத்தும் போகலைன்னா கார்டு ஃபேன் கத்திக்கிட்டே இருக்கும். முன்னாடி கம்பிவலை, உள்ளே கழட்டிக் கழுவுற ஃபில்டர், முன்னாடி 120 எம்எம் ரெண்டு உள்ளிழுக்க, பின்னாடி ஒண்ணு வெளியே தள்ள. இது போதும். ஃபேன் 4 பின்ல போர்டுல சொருகுறதா இருக்கணும். எஸ்எம்பிஎஸ் கேபிள்ல நேரா சொருகுற ஃபேன் எப்பவும் முழு வேகம்தான்.

65 வாட் வகை ப்ராசஸருக்கு 240 லிக்விட் கூலர் தேவையே இல்லை. 5600 பாக்ஸ்ல வ்ரெய்த் ஸ்டெல்த் கூலர் வருது, அது தாங்கும். சத்தம் பிடிக்கலைன்னா அப்புறமா ஒரு சின்ன டவர் கூலர் மாட்டலாம்.

ஹார்ட் டிஸ்க்கையும் எடுத்துடுங்க. சைபர்பங்க் 2023-ல வந்த 2.0 அப்டேட்டுக்கு அப்புறம் எஸ்எஸ்டி கட்டாயம், அது மட்டுமே 70 ஜிபி கேட்கும். 256-ல விண்டோஸ் போக ரெண்டு கேம்தான் போகும். 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டுலயே நேரா சொருகுறது) ஒண்ணு போடுங்க, டிஎல்சி மெமரி வகையா பார்த்து.

ரிச்சி_ஸ்ட்ரீட் எழுதியது:

வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்றேன். பில் வேண்டாம்னா 18 சதவீத ஜிஎஸ்டி குறையும்னு சொல்லுவாங்க. ஒத்துக்காதீங்க. வாரண்டிக்கு பில்லும் சீரியல் நம்பரும்தான் சாட்சி. ஒவ்வொரு பொருளோட சீரியல் நம்பரும் பில்லுலயே ஏறணும்.

ப்ராசஸர் ட்ரேல (தனிப் பாக்ஸ் இல்லாம) வந்ததா, சீல் வச்ச பாக்ஸானு பாருங்க. பாக்ஸ்னா ஏஎம்டி-யோட 3 வருஷ வாரண்டி. ட்ரேல வந்தா கடைக்காரர் வார்த்தைதான் வாரண்டி, கூலரும் வராது. கார்டு பாக்ஸ் மேல இறக்குமதியாளர் பேர், முகவரி, எம்ஆர்பி போட்ட ஸ்டிக்கர் இருக்கணும். இல்லைனா வேற நாட்டுல இருந்து கையில வந்த சரக்கா இருக்கலாம், இங்க சர்வீஸ் சென்டர் வாங்க மாட்டாங்க.

எல்லாத்தையும் ஒரே கடையில வாங்கினா விலை கொஞ்சம் கூடலாம். ஆனா ஓடலைன்னா எந்தப் பொருள்ல கோளாறுன்னு ரெண்டு கடைக்கு நடுவுல அலைய வேண்டாம். வெளியூர்ல இருக்குறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

பொன்மலை70 எழுதியது:

கடைசிப் பட்டியல்: ரைசன் 5 5600 பாக்ஸ், பி550 எம்-ஏடிஎக்ஸ் (சின்ன அளவு) போர்டு நாலு ரேம் ஸ்லாட்டோட, 8 + 8 டிடிஆர்4 3200 செட், ஆர்எக்ஸ் 7600, 1 டிபி என்விஎம்இ, 550 வாட் ப்ரான்ஸ் 5 வருஷ வாரண்டி, கம்பிவலை கேபினெட் மூணு ஃபேன். 70,000-க்குள்ள நிக்குது. நானே பூட்டப் போறேன், எதுல கவனமா இருக்கணும்?

ஸ்லாட்2 எழுதியது:

நல்ல பட்டியல்.

ப்ராசஸர், ரேம், எஸ்எஸ்டி மூணையும் கேபினெட்டுக்கு வெளியே, போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல வச்சே பூட்டிடுங்க. ஏஎம்4 ப்ராசஸர்ல பின் எல்லாம் ப்ராசஸர் அடியிலதான் இருக்கு. மூலையில இருக்குற தங்க முக்கோணத்தைச் சாக்கெட் முக்கோணத்தோட சேர்த்து வச்சா தானா விழணும். விரலால அழுத்தவே கூடாது.

கூலர்ல தான் புதுசா பூட்டுறவங்க மாட்டிக்குவாங்க. ஸ்டெல்த் கூலர் ஸ்க்ரூ வகை. போர்டுல ஏற்கனவே இருக்குற ரெண்டு ப்ளாஸ்டிக் தாங்கியையும் கழட்டணும். அந்த நாலு ஸ்க்ரூவையும் கழட்டினதும் போர்டுக்குப் பின்னாடி இருக்குற தகடு கழண்டு விழும். அதைக் கையால தாங்கிக்கிட்டு, கூலர் ஸ்க்ரூவை அதே துளையில குறுக்கும் நெடுக்குமா, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரெண்டு சுத்தா ஏத்துங்க. அடியில வெப்பத்தைக் கடத்துற பேஸ்ட் தடவியே வரும், மேல வேற போட வேண்டாம். ஃபேன் ஒயர் 'சிபியூ ஃபேன்'னு எழுதின இடத்துல.

ரேம் ப்ராசஸர்ல இருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டுல. எஸ்எஸ்டி மேல் ஸ்லாட்டுல, அதுதான் ப்ராசஸரோட நேரா பேசும். அதுமேல வர்ற மெட்டல் தகட்டுல இருக்குற ப்ளாஸ்டிக் தாளை உரிக்க மறக்காதீங்க.

கேபினெட்ல போர்டுத் துளைக்கு நேர மட்டும் ஸ்டாண்ட்ஆஃப் (போர்டைத் தாங்குற சின்ன உலோகக் கால்) இருக்கணும். துளை இல்லாத இடத்துல ஒண்ணு நின்னா போர்டு அடியில ஷார்ட் ஆகும். ப்ராசஸர் பவர் கேபிள் 4 + 4-ஆ பிரியும், கார்டு கேபிள் 6 + 2-ஆ பிரியும். ரெண்டும் 8 பின் தான், ஆனா ஒண்ணு இன்னொண்ணுல போகாது. போகலைன்னா அழுத்தாதீங்க, கேபிளை மாத்திப் பாருங்க. முன்பக்க யூஎஸ்பி 3 கனெக்டரை நேரா இறக்குங்க. சாய்ச்சா பின் வளையும்.

பக்கக் கண்ணாடியைக் கழட்டினா டைல்ஸ் தரையில நிறுத்தாதீங்க. டெம்பர்டு கண்ணாடி ஓரம் டைல்ஸ்ல லேசாத் தட்டினாலே மொத்தமா உதிரும். கட்டில் மேல படுக்க வைங்க.

பொன்மலை70 எழுதியது:

பூட்டியாச்சு. ஃபேன் எல்லாம் சுத்துது, திரையில ஒண்ணும் வரலை. போர்டுல 'டிரேம்'னு எழுதின லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

ஸ்லாட்2 எழுதியது:

பதற வேண்டாம், ரேம் முழுசா உட்காரலை. பல போர்டுல ஒரு பக்கம் மட்டும்தான் க்ளிப் இருக்கும். க்ளிப் இல்லாத முனை உட்கார்ந்த மாதிரியே தெரியும், ஆனா உள்ள போயிருக்காது. மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு, ரெண்டையும் எடுத்து, ஒரே ஒரு குச்சியை 2-வது ஸ்லாட்டுல ரெண்டு முனையிலயும் கட்டைவிரல் வச்சு அழுத்துங்க. வந்துச்சுன்னா ரெண்டாவதைச் சேருங்க. வரலைன்னா மெயின் ஸ்விட்ச் அணைஞ்சிருக்கும்போதே, போர்டு செட்டிங்ஸை அழிக்கிற க்ளியர் சிமாஸ் பின் ரெண்டையும் பத்து செகண்ட் சேர்த்துத் தொட்டு வச்சுட்டு மறுபடி போடுங்க.

அதுவும் இல்லைனா பயாஸ் (போர்டுக்குள்ள இருக்குற தொடக்க சாஃப்ட்வேர்) பழசா இருக்கலாம். பி550 வந்தது 2020, 5600 வந்தது 2022. பின்னாடி ஃப்ளாஷ்பேக் பட்டன் இருந்தா பென்டிரைவை ஃபேட்32-ல ஃபார்மட் பண்ணி, மேனுவல் சொல்ற பேர்ல ஃபைலை வச்சு ஏத்தலாம்.

மானிட்டர் ஒயர் கார்டுலதானே சொருகியிருக்கு? 5600-ல கிராஃபிக்ஸ் இல்லை, போர்டுல சொருகினா எப்பவும் கறுப்புதான்.

பொன்மலை70 எழுதியது:

ரேம் தான் அண்ணா. ஒரு முனை உள்ள போகலை. இப்ப திரை வந்து விண்டோஸ் 11-உம் போட்டாச்சு. ஆனா டாஸ்க் மேனேஜர்ல ரேம் வேகம் 2400-னு காட்டுது, மானிட்டரும் 60 ஹெர்ட்ஸ்லயே இருக்கு. வாலரன்ட் செக்யூர் பூட் (மெஷின் தொடங்கும்போது நடக்குற பாதுகாப்புச் சோதனை) கேட்குது.

ஸ்லாட்2 எழுதியது:

மூணும் செட்டிங் தான். பயாஸ்ல எக்ஸ்எம்பி-யை ஆன் பண்ணுங்க, 3200 ஆகும். அங்கேயே சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறை) அணைச்சு, எஃப்டிபிஎம்-உம் (ப்ராசஸருக்குள்ள இருக்குற பாதுகாப்பு வசதி) செக்யூர் பூட்டும் ஆன். சிஎஸ்எம் அணைச்சபிறகு விண்டோஸ் வரலைன்னா டிஸ்க் எம்பிஆர்-ங்கிற பழைய முறையில பிரிச்சிருக்கு, புது முறையான ஜிபிடி-யா மாத்தணும். மானிட்டருக்கு டிஸ்ப்ளே போர்ட் கேபிள் போட்டு, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல அட்வான்ஸ்டு போய் 165-ஐத் தேர்ந்தெடுங்க.

எக்ஸ்எம்பி போட்டபிறகு கேம் இறக்குறதுக்கு முன்னாடி ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவ்ல போட்டு ராத்திரி நாலு சுத்து ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் செட்டைக் கடையிலேயே மாத்திக் கேளுங்க. பில் தேதி புதுசா இருக்கும்போதே போயிடுங்க.